காலரில் படிந்த வெயில்

ஷார்ஜாவில் ரோலா பக்கம் குடியிருந்த நாட்களில் என் சட்டைகளைத் தெருமுனை லாண்டரியில்தான் போடுவேன். கடை நடத்தியவர் ராமநாதபுரத்துக்காரர், தெருவுக்கே பாய். ஒரு ஜூன் மாதம் என் வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்துக் காலரைத் திருப்பிக் காட்டினார். துருப்பிடித்த ஆணியை வைத்துத் தேய்த்ததுபோல உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம்.

"வெயிலுக்கு ஏதாச்சும் கிரீம் பூசுறீங்களா தம்பி?"

"ஆமா பாய். ஆனா கிரீம் வெள்ளையாத்தானே இருக்கு?"

"பூசும்போது வெள்ளை. தண்ணி பட்டா இந்தக் கலரு. பிளீச் மட்டும் போட்டுராதீங்க, இன்னும் செவக்கும்."

பாய் சொன்னது வேதியியல்படி அட்சரசுத்தம். சன்ஸ்கிரீன்களில் பரவலாகச் சேர்க்கப்படும் அவோபென்சோன் என்ற சேர்மத்தின் நடுவே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இடுக்கியின் இரு முனைகள்போல ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சாதாரணமாக அந்த முனைகளுக்கு நடுவில் ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். பழைய கட்டடத்தின் குழாயிலிருந்தோ மொட்டைமாடித் தொட்டியிலிருந்தோ துளி இரும்பு கலந்த தண்ணீர் பட்டால் போதும். ஹைட்ரஜன் எழுந்துகொள்ள, இரும்பு அயனி அந்த இடத்தில் போய் அமர்ந்துவிடும். இரும்பும் அவோபென்சோனும் சேர்ந்த அணைவுச் சேர்மத்துக்கு நிறம் உண்டு. அதுதான் காலரில் தெரிந்த ஆரஞ்சு. பிளீச் இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதால் கறை இன்னும் உறைக்கும்.

கறை எப்படி வந்தது என்பது இத்தோடு தீர்ந்தது. ஆனால் வேறொரு கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது. கழுத்தில் இருக்க வேண்டிய மருந்து காலருக்கு எப்படிப் போனது? காலருக்கு வந்தது இவ்வளவு என்றால் மிச்சம் எங்கே போனது?

அதற்குமுன் வளைகுடா வெயிலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடகரேகை அபுதாபி அமீரகத்தின் தென்பகுதி வழியாகப் போகிறது. துபாய் அதற்கு வடக்கே இரண்டு பாகைக்குள். ஜூன் 21 அன்று உச்சிவேளையில் துபாய்த் தெருவில் நிற்கும் ஆறடி ஆளின் நிழல் ஆறு சென்டிமீட்டர்கூட வராது, செருப்புக்கடியில் அடங்கிவிடும். மழை மேகம் பெயருக்குத்தான். உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாவில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி மேலே அனுப்பும் என்பது உலக சுகாதார அமைப்பு தரும் கணக்கு. தொப்பி வைத்தவனின் தாடைக்குக் கீழேயும் அங்கே வெயில் எட்டும்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் விதி. பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது துபாயில் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தீர்க்கரேகையையும் பருவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஜூன் மாத உச்சி 12.20-ஐ ஒட்டி வருகிறது. அன்றைய புற ஊதாவில் பாதி உச்சிக்குமுன்பே இறங்கிவிடும். இடைவேளை மணி அடிக்கும்போது சாரத்தில் நிற்கும் தொழிலாளி அன்றைய பங்கில் சரிபாதியையும் கொஞ்சம் கூடவும் வாங்கி முடித்திருப்பான். காற்றின் சூடு உச்சிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும், புற ஊதா உச்சியோடு இறங்கத் தொடங்கும். சட்டம் எழுதியவர்கள் சூட்டைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள், அது நியாயமும்கூட. கத்தார் 2021-இல் தன் நேரத்தைக் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை நீட்டியது. தோஹாவில் ஜூன் மாத உச்சி 11.35-ஐ ஒட்டி வருவதால் அங்கே உச்சி வெயிலும் தடைக்குள் அகப்பட்டுவிட்டது. சூட்டுக்காகச் செய்த ஏற்பாட்டில் தோலுக்கும் ஒரு லாபம்.

சரி, களிம்புக்கு வருவோம்.

சன்ஸ்கிரீன் பிறந்தது பனிமலையில். ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய வேதியியல் மாணவர் 1938-இல் ஆல்ப்ஸ் மலையின் பிஸ் புயின் சிகரத்தில் ஏறியபோது பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் தோல் வெந்து இறங்கினார். 1946-இல் தன் 'பனியாற்றுக் களிம்பை' விற்பனைக்குக் கொண்டுவந்தார். புட்டிகளில் பெரிதாக அச்சிடும் எஸ்.பி.எஃப். எண்ணைப் பரவலாக்கியவரும் அவர்தான். பூசாத தோல் சிவக்க எவ்வளவு வெயில் வேண்டுமோ, பூசிய தோல் சிவக்க அதைப்போல எத்தனை மடங்கு வேண்டும் என்பதே அந்த எண். எஸ்.பி.எஃப். 50 என்றால், தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும்.

இந்த எண்ணை அளக்கும் முறையைப் படித்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பரிசோதனைக்கு உட்காருகிறவர் வெளிர்நிறத் தோல்காரராக இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரநிலையே சொல்கிறது. எளிதில் சிவக்கும் தோலில்தானே சிவப்பைப் பார்க்க முடியும்? களிம்பைச் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூச வேண்டும். குளிரூட்டிய அறை, செயற்கை வெயில், அசையாத முதுகு. நீர் தாங்குமா என்று பார்க்க ஆளைத் தொட்டியில் இருபது இருபது நிமிடமாக முக்கி எடுப்பார்கள். அங்கே தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. வளைகுடாவில் அது உள்ளிருந்து வரும். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் சுரக்கும் வியர்வை, களிம்புப் படலத்தை அடியிலிருந்து பெயர்த்துத் தள்ளும். அதன்மேல் கைக்குட்டை வேறு.

அந்த 2 மில்லிகிராமையும் சும்மா விடக்கூடாது. முகம், கழுத்து, முன்கைகளுக்கு அந்த வீதத்தில் பூச ஐந்து கிராம் அளவில் ஆகும். இரண்டு மணிக்கொரு முறை என்று ஒரு வேலைநாளைக்கு நான்கு தரம் பூசினால் 20 கிராம். 50 கிராம் டியூப் மூன்றாம் நாள் மதியம் காலி. நான் பார்த்த வரையில் யாரும் இப்படிப் பூசுவதில்லை, நானும் பூசியதில்லை. தரநிலை கேட்பதில் கால்பங்கு, மிஞ்சினால் பாதிதான் மனிதர்கள் பூசுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. புட்டியில் உள்ள 50 தோலுக்கு வந்து சேர்வதே இல்லை.

இனி அவோபென்சோன். தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் 95 சதவீதம் யு.வி.ஏ. என்ற நீண்ட அலைக் கதிர். தோலுக்குள் ஆழமாக இறங்குவதும் சுருக்கத்தையும் கருமையையும் கொண்டுவருவதும் இதுவே. அவோபென்சோன் 357 நானோமீட்டரை ஒட்டிய கதிரை அள்ளி விழுங்கும். விழுங்கிய ஆற்றலை என்ன செய்கிறது? அந்த இடுக்கி முனைகளுக்கிடையே இருக்கும் ஹைட்ரஜன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவ, ஆற்றல் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது; மூலக்கூறு அடுத்த ஒளித்துகளுக்குத் தயார். ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கில் முடியும் இந்த ஊஞ்சலாட்டம் ஆயிரக்கணக்கான முறை பிழையில்லாமல் நடக்கும். எப்போதாவது ஒரு தடவை ஹைட்ரஜன் தவறான இடத்தில் இறங்கும். மூலக்கூறு வேறு வடிவத்துக்கு மாறும். அந்த வடிவத்துக்கு 357 கண்ணில் படாது. 265 நானோமீட்டர் பக்கம்தான் விழுங்கும், அந்தக் கதிரோ ஓசோனைத் தாண்டித் தரைக்கு வருவதே இல்லை. இன்னும் ஆற்றல் ஏறினால் மூலக்கூறு முறிந்து, பக்கத்தில் கிடைத்ததையெல்லாம் பிடித்து இழுக்கும் துண்டுகளாகிவிடும்.

இதைவிட மோசம், கூட இருப்பவர்களோடு அது சண்டை போடுவது. யு.வி.பி. என்ற குறுகிய அலைக் கதிரை மறிக்கச் சேர்க்கும் ஆக்டினாக்சேட்டும் அவோபென்சோனும் ஒரே எண்ணெய்த்துளியில் வெயிலில் நின்றால் ஒன்றோடொன்று பிணைந்து இரண்டுமே பயனற்றுப் போகும். ஆக்டோகிரைலீன் என்ற இன்னொரு சேர்மத்தைத் துணைக்குப் போட்டால் அவோபென்சோன் நிலைக்கிறது. ஆனால் ஆக்டோகிரைலீன் நாள்பட நாள்படப் புட்டிக்குள்ளேயே பென்சோஃபீனோன் என்ற வேறு சேர்மமாகச் சிதைகிறது என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. டாஷ்போர்டில் புட்டியைப் போட்டு வைக்கும் வளைகுடா வாசி இதைக் கவனிக்க வேண்டும். குவைத்தின் மிட்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று நிழலிலேயே 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு எழுபதைத் தொடும். அழகுப் பொருள்கள் எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் துரிதச் சோதனையே 40 பாகையில்தான் நடக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: உள்ளே போவது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் 2019-இல் 24 பேருக்கு நான்கு வகை சன்ஸ்கிரீன்களைப் பூசிப் பார்த்தார்கள். உடலின் முக்கால் பங்குக்கு, நாளுக்கு நான்கு தரம், நான்கு நாள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அரை நானோகிராமைத் தாண்டினால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த எல்லை. சோதித்த அத்தனையும் எல்லை தாண்டின. சன்ஸ்கிரீனில் சேர்க்கும் இன்னொரு மூலக்கூறான ஆக்சிபென்சோன் முந்நூறு மடங்குக்கும் மேல். ரத்தத்தில் இருப்பதாலேயே தீங்கு என்று ஆகாது, பூசுவதை நிறுத்த வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்; நானும் அதையே சொல்வேன். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பது தெரிந்துபோயிற்று. தோலின் மேலடுக்கு செத்த செல்களை அடுக்கிக் கொழுப்பால் பூசிய சுவர் மாதிரி. 500 டால்டனுக்குக் குறைந்த எடையுள்ள, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அந்தப் பூச்சின் வழியே நுழைந்துவிடும். ஆக்சிபென்சோன் 228, அவோபென்சோன் 310. இரண்டுக்கும் தாராளமாக வழி உண்டு.

ஆக, காலருக்கு ஓடுவது, வெயிலில் சிதைவது, ரத்தத்துக்குள் இறங்குவது எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒன்று. நல்ல மூலக்கூறு, அதற்கு வீடில்லை. எண்ணெயில் கரைத்து அலையவிட்டிருக்கிறோம். எண்பது ஆண்டுகளாக எந்த மூலக்கூறு நன்றாக விழுங்கும் என்று தேடிய வேதியியலாளர்கள், அதை எதில் வைப்பது என்று கேட்கத் தொடங்கியது சமீபத்தில்தான். நம் ஊர்ச் சாலையோரங்களில் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்தார்களே, அந்தச் சொல்லையே இந்தப் பொருள்களுக்கும் வைத்துக்கொள்கிறேன்.

முதல் சுமைதாங்கி கண்ணாடி. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்ரேலின் சோல்-ஜெல் டெக்னாலஜீஸும் ஜெர்மனியின் மெர்க்கும் ஆக்டினாக்சேட்டை ஒரு மைக்ரான் அளவுள்ள சிலிக்கா உருண்டைகளுக்குள் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தன. மணலும் சிலிக்காதான். மூலக்கூறு உள்ளே, ஒளி கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகும், மூலக்கூறு வெளியே வராது. தோலுக்குள் நுழையும் அளவைவிட உருண்டை பலநூறு மடங்கு பெரியது. அவோபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் ஒரே களிம்பில் இருந்தாலும் தனித்தனி அறையில் இருப்பதால் சண்டைக்கு இடமில்லை.

ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. கோலம் போடுகிறவர்களுக்கு உடனே புரியும். ஒரு கைப்பிடி மாவைத் தண்ணீரில் கரைத்துத் தரையில் மெழுகினால் தரை முழுக்க மங்கலாக மறையும். அதே மாவைப் புள்ளி புள்ளியாக வைத்தால் புள்ளி இருக்கும் இடத்தில் அடர்த்தி, மற்ற இடமெல்லாம் வெறுந்தரை. பெரிய உருண்டைகளுக்குள் மருந்தை அடைப்பது புள்ளி வைப்பதுதான். நடுவிலுள்ள சந்துகளில் வெயில் தடையில்லாமல் இறங்கும். உள்ளே எவ்வளவு திணித்தாலும் சந்து சந்துதான். எனவே உருண்டை சிறிதாக வேண்டும், அடர்த்தியாகப் பரவ வேண்டும். மிகச் சிறிதானாலோ உள்ளே போய்விடுமோ என்ற கவலை திரும்பி வருகிறது. இந்தத் துறையின் பெரும்பாதி உழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

பெர்லினில் ரைனர் முல்லரின் குழு வேறு வழியில் போனது. மெழுகை நானோ துகள்களாக்கி மருந்தை அதில் கரைத்தார்கள். மெழுகுத்துகள் தானே புற ஊதாவைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி படலத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக அலையும்போது மருந்து மூலக்கூறில் முட்ட வாய்ப்பு கூடும். அதனால் குறைந்த மருந்தே போதுமானது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய மெழுகு வகை உருகுவது ஐம்பது பாகையை ஒட்டி. பெர்லினுக்குச் சரி. துபாய் கார் டாஷ்போர்டில் சுமைதாங்கி தானே கரைந்து போகும்.

வியர்வைக்கு விடை தேடியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் சால்ட்ஸ்மனும் மைக்கேல் ஜிரார்டியும். 2015-இல் அவர்கள் வெளியிட்ட துகளின் உள்ளே உயிரியல்முறையில் மட்கும் பாலிமர், மேற்பரப்பில் ஆல்டிஹைடு தொகுதிகள். ஆல்டிஹைடுகள் தோல் புரதத்தின் அமீன்களைப் பிடித்துக்கொள்ளும். பொட்டு நெற்றியில் ஒட்டுவதுபோல் துகள் தோலில் ஒட்டும். தண்ணீரில் போகாது, துண்டால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். எலிகளில் சோதித்தபோது, கடைச் சன்ஸ்கிரீனில் உள்ள மருந்தில் மிகச் சிறு பங்கே கொண்டு அதே அளவு பாதுகாப்பு கிடைத்தது. ஒளியில் முறிந்த துண்டுகளும் துகளுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தன. வளைகுடாவுக்காகவே செய்ததுபோல இருக்கிறது, துண்டால் துடைத்தால் போய்விடும் விஷயம் தவிர. வெளியில் வேலை செய்கிறவன் மணிக்குப் பத்துத் தரம் முகத்தைத் துடைப்பான்.

அடுத்து வருவது அரபு மண்ணோடு உறவுள்ள கதை. ஒமர் யாகி 1965-இல் ஜோர்டானின் அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் அமெரிக்கா போனார். உலோக அயனிகளைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த படிகங்களைக் கட்டும் கலையை வளர்த்தார். 1999-இல் அவர் வெளியிட்ட மோஃப்-5 என்ற படிகம் இந்தத் துறைக்கே அடையாளமானது. 2021-இல் சவுதி அரேபியா அவருக்குக் குடியுரிமை தந்தது. 2025-இல் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன் இருவரோடும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் படிகங்களில் ஒரு கிராமை எடுத்து உள்சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் மூடும். பாலைவனக் காற்றிலிருந்து குடிநீர் பிடிப்பதுதான் இவற்றின் புகழ்பெற்ற வேலை.

கொஞ்சம் நின்று என் காலரை நினைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் முனைகள் கொண்ட கரிம மூலக்கூறு ஓர் உலோக அயனியைப் பிடிக்கிறது. யாகியின் படிகத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதே பிடிதான். சட்டையில் தாறுமாறாக நடந்தால் கறை. இரண்டு பக்கமும் கையுள்ள கம்பிகளைப் பொறுக்கி எடுத்து முறையாக நடத்தினால் கூண்டு. அந்தக் கூண்டின் ஒவ்வோர் அறையிலும் ஒரு மருந்து மூலக்கூறை உட்காரவைத்தால் அது புரண்டு வடிவம் மாற இடமிருக்காது, பக்கத்து வீட்டுக்காரனோடு பிணையவும் முடியாது. கூண்டுகளில் புற ஊதா வடிப்பான்களை ஏற்றிப் பார்க்கும் வேலை ஆய்வகங்களில் நடந்துவருகிறது.

தோலில் பூசும் பொருளில் எந்த உலோகம், எவ்வளவு கசியும் என்ற கேள்வி உடனே வரும். வியர்வையில் உப்பும் லேசான அமிலமும் உண்டு. சில கூண்டுகள் ஈரத்திலேயே இடிந்துவிடும். இதற்கு இரண்டு விடைகள் கையில் உள்ளன. ஃபிரேசர் ஸ்டாடர்ட்டின் குழு 2010-இல் ஸ்டார்ச்சிலிருந்து வரும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையங்களையும் பொட்டாசியம் உப்பையும் கொண்டு தின்னக்கூடிய கூண்டையே கட்டிக்காட்டியது. இன்னொன்று உலோகமே இல்லாத கூண்டு. கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான அணுக்களை நேரடியாகப் பிணைத்துக் கட்டும் சகப்பிணைப்புக் கரிமச் சட்டகம். அதன் தொடக்கமும் 2005-இல் யாகியின் ஆய்வகத்தில்தான்.

இந்த உலோகமில்லாச் சட்டகங்களைச் சாதியாத் தீவில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில், அலி தரபுல்சியின் குழு பல ஆண்டுகளாகக் கட்டிவருகிறது. 2021-இல் அவர்கள் செய்தது சன்ஸ்கிரீன் இல்லை, இன்சுலின். சட்டகத் தாள்களின் அடுக்குகளுக்கிடையே இன்சுலினைச் செருகி, நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். வயிற்று அமிலம் இன்சுலினைத் தின்றுவிடும் என்பதால்தானே ஊசி போடுகிறோம். சட்டகம் அமிலத்தைத் தாங்கியது. சர்க்கரை கூடிய இடத்தில் இன்சுலினை விட்டது. நம் கதையில் அமிலத்துக்குப் பதில் வெயில். காவல் அதே கணக்குத்தான், ஒரு வித்தியாசத்தோடு: இன்சுலின் கடைசியில் வெளியே வந்தாக வேண்டும், வெயில் மருந்து கடைசிவரை உள்ளேயே இருக்க வேண்டும். பின்னது சுலபம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வகைச் சட்டகங்களில் பல மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். ஐரோப்பிய அழகுப்பொருள் நிறுவனம் இதைக் குறையாகச் சொல்லும். மஞ்சள் பூசி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்ததால் துத்தநாக ஆக்சைடையும் சொல்லிவிட வேண்டும். ஒளியில் சிதையாது, தோலுக்குள் போகாது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தயக்கமில்லாமல் பாதுகாப்பானது என்று முன்மொழிந்த இரண்டில் ஒன்று. டைட்டானியம் டை ஆக்சைடு மற்றொன்று. இரண்டும் நம் தோலில் பூசினால் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. நானோ அளவுக்கு அரைத்தால் வெள்ளை குறையும், ஆனால் வெயில் பட்டதும் மேற்பரப்பில் தீவிர ஆக்சிஜன் கூறுகள் பிறக்கும். அதை அடக்க ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்காவோ அலுமினாவோ சட்டை போட வேண்டும். இன்னொன்று: நம்மவர்கள் வளைகுடாவில் தோல் மருத்துவரிடம் போவது பெரும்பாலும் மங்குக்காக. கன்னத்தில் விழும் அந்தப் பழுப்புத் திட்டைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு, எஸ்.பி.எஃப். எண் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதை மறிக்க இரும்பு ஆக்சைடு நிறமி சேர்த்த களிம்பு வேண்டும். காலரில் வில்லனாக வந்த இரும்பு கன்னத்தில் காவல்காரன்.

நம் தோல் தானே ஒரு சுமைதாங்கி செய்கிறது. மெலனின் சும்மா கரைந்து கிடப்பதில்லை. மெலனோசோம் என்ற நுண்பைகளில் அடைபட்டு, செல்லின் உட்கருவுக்கு மேலே வெயில் வரும் பக்கமாகக் குடைபோலக் குவிகிறது. 2017-இல் நேதன் ஜியானெஸ்கியின் குழு பாலிடோபமைன் கொண்டு செயற்கை மெலனின் துகள்களைச் செய்து, வளர்ப்புத் தட்டில் இருந்த தோல் செல்களுக்குக் கொடுத்தது. செல்கள் அவற்றை விழுங்கி, யாரும் சொல்லித்தராமல் உட்கருவின்மேல் அதே குடையை விரித்தன. சன்ஸ்கிரீன் தோலுக்குள் போகக் கூடாது என்று இதுவரை நான் வாதாடியதையெல்லாம் இந்த ஒரு சோதனை கிண்டல் செய்கிறது.

சன்ஸ்கிரீன் கடலில் கலப்பதால் பவளப்பாறைக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஹவாய் 2021 முதல் ஆக்சிபென்சோனையும் ஆக்டினாக்சேட்டையும் விற்பனையிலிருந்து தடுத்திருக்கிறது. வளைகுடாவில் பவளத்தின் முதல் எதிரி கடல் சூடு. 2017-இல் அபுதாபிக் கடலில் பவளம் வெளுத்து மடிந்ததற்குச் சன்ஸ்கிரீனைக் குற்றம் சொன்னால் அது நிஜக் குற்றவாளியைத் தப்பிக்கவிடும் வேலை.

துபாய் மாநகராட்சியின் மொன்தாஜி பதிவேட்டில் ஏறாத களிம்பு அங்கே கடைக்கு வர முடியாது. வளைகுடா நாடுகளுக்குப் பொதுவான அழகுப்பொருள் பாதுகாப்பு விதியும் உண்டு. கூண்டுகள் சந்தைக்கு வரும் நாளில் இந்த வாசலில்தான் முதலில் நிற்கும். அப்போது நான் கேட்க விரும்பும் சோதனை ஒன்றே ஒன்று: நாற்பத்தைந்து பாகையில், பழுப்புத் தோலில், உள்ளிருந்து வியர்வை வரும்போது, மூன்று மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம்? அதுவரை சாரத்தில் நிற்பவனுக்கு ஹெல்மெட்டின் பின்னால் தொங்கும் துணிதான் என் பரிந்துரை. அதிலும் மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் புற ஊதாவை மேலும் உள்ளே விடும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நல்லது.

அந்தச் சட்டை? பாய் அதைத் திருப்பித் தரவில்லை. "ரெண்டு நாள் விடுங்க" என்றார். கடைக்குப் பின்னால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கல்லுப்பைத் தூவி, காலரை மட்டும் ஊறவைத்திருந்தார். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்துக்கு இரும்பைப் பிடிக்க மூன்று கைகள். அவோபென்சோனுக்கு ஒரே ஒரு இடுக்கி. மூன்றாம் நாள் போனபோது காலர் வெளுத்திருந்தது. கிண்ணத்தில் இருந்த சாறு மட்டும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. அதை வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு, "அஞ்சு திர்ஹம் தம்பி" என்றார்.